எளியோரை எழுதிய புதுமைப்பித்தன்

நம் கம்பம் பள்ளத்தாக்கில் தோட்டம் என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. முல்லையாற்று நீரிலும் கிணற்று நீரிலும் தென்னையும் வாழையும் திராட்சையும் விளைகின்ற கீழ்நாட்டுத் தோட்டம் ஒன்று. ஏலமும் தேயிலையும் விளைகின்ற மலைத் தோட்டம் மற்றொன்று. கீழே தோட்டத்துக்குப் போகிறவர் நிலம் உடையவராகவும் இருக்கலாம், கூலியாளாகவும் இருக்கலாம். மேலே தோட்டத்துக்குப் போகிறவர் என்றால் பெரும்பாலும் கூலிக்குப் போகிறவர்தாம். விடியுமுன்பே எழுந்து, சோற்றுத் தூக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, ஜீப்பில் நெருக்கியடித்து அமர்ந்து, கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ மலையேறி, பொழுது சாய்ந்தபின் திரும்பும் பெண்களை உத்தமபாளையத்துக்காரர்களாகிய நாம் அன்றாடம் பார்க்கிறோம். ஆனால் அவர்களைக் கதைகளில் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்?

இக்கேள்வி என் மனத்தில் எழுந்தது புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' என்னும் நெடிய சிறுகதையைப் படித்து முடித்த அன்றுதான். 1935-ஆம் ஆண்டில் வெளிவந்த கதை அது. திருநெல்வேலிச் சீமைச் சிற்றூர் ஒன்றிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் பிழைக்கப் போகும் மருதி என்னும் ஏழைப்பெண் அதன் தலைவி. அரசர்களையும் பக்தர்களையும் செல்வர் வீட்டுக் காதலையும் கதைப்பொருளாகக் கொண்டிருந்த நாளில், ஒரு தோட்டக் கூலிப்பெண்ணின் துன்பத்தைக் கதையின் நடுவே கொணர்ந்து வைத்த அப்பெருமகன் யார்? அவர் வாழ்ந்தது எப்படி? மாண்டது எப்படி? இவற்றை நம் மாணவ நண்பர்கள் அறிந்திருத்தல் நலம்.

இளமையும் கல்வியும்

புதுமைப்பித்தனின் இயற்பெயர் சொ. விருத்தாசலம். 1906-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். தந்தையார் சொக்கலிங்கம் பிள்ளை, தாயார் பர்வதத்தம்மாள். குடும்பத்தின் சொந்த ஊர் திருநெல்வேலி. தந்தையார் வருவாய்த் துறையில் தாசில்தாராகப் பணியாற்றியவர். ஆதலால் மாறுதல் வரும்போதெல்லாம் குடும்பமும் மாறியது. செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி என்று ஊர் ஊராகச் சிறுவன் விருத்தாசலத்தின் தொடக்கக் கல்வி நடந்தது.

எட்டு வயதளவில் தாயை இழந்தார். தந்தையார் மறுமணம் செய்துகொண்டார். தாயின் இடம் அவ்வீட்டில் அவருக்கு மீண்டும் கிட்டவில்லை. 1918-இல் தந்தையார் ஓய்வு பெற்றபின் குடும்பம் திருநெல்வேலிக்குத் திரும்பியது. அங்கே பள்ளிப் படிப்பை முடித்து, நெல்லை இந்துக் கல்லூரியில் சேர்ந்தார். வகுப்புப் பாடத்தைவிட ஆங்கிலக் கதைகளையும் துப்பறியும் நாவல்களையும் படிப்பதில்தான் அவருக்கு ஆர்வம் மிகுதி. 1931-ஆம் ஆண்டு பி.ஏ. பட்டம் பெறுகையில் அவருக்கு வயது 25. கல்லூரியில் நாம் மூன்றாண்டில் கடக்கும் தூரத்தை அவர் மெல்லவே கடந்தார் என்பது, தேர்வைக் கண்டு அஞ்சும் நண்பர்களுக்கு ஆறுதலாக இருக்கக்கூடும்!

அதே காலத்தில் திருவனந்தபுரத்தைச் சேர்ந்த கமலா அம்மையாரை மணந்தார். மகன் அரசாங்க உத்தியோகத்தில் அமர வேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். மகனுக்கோ எழுத்தே உத்தியோகம். இவ்விரண்டும் ஒரு கூரையின்கீழ் நெடுநாள் இருக்க முடியவில்லை. தாசில்தாரின் மகனாகப் பிறந்தவர், நிலையான வருவாய் என்பதையே அறியாத வாழ்வை நோக்கித் தாமே நடந்தார். அவர் வரலாற்றைப் படிக்கும்போது இதனை நாம் மறத்தல் ஆகாது. எளியோரை அவர் எழுதியது மாடியிலிருந்து எட்டிப் பார்த்து அன்று. படிப்படியாக இறங்கி வந்து பார்த்து எழுதினார்.

மணிக்கொடிக் காலம்

1933-ஆம் ஆண்டு 'காந்தி' என்னும் இதழில் அவருடைய முதற் படைப்பு வெளிவந்தது. அவ்வாண்டிலேயே கு. சீனிவாசன், வ.ரா., டி.எஸ். சொக்கலிங்கம் ஆகியோர் 'மணிக்கொடி' இதழைத் தொடங்கினர். நாட்டு விடுதலையும் மொழி மறுமலர்ச்சியும் கைகோத்து நின்ற காலம் அது. 1934-இல் மணிக்கொடியில் அவருடைய கதைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவரும் சென்னைக்கே குடிபெயர்ந்தார். 1935-இல் பி.எஸ். ராமையாவின் ஆசிரியப் பொறுப்பில் மணிக்கொடி முழுச் சிறுகதை ஏடாக மாறியபோது, கு.ப. ராஜகோபாலன், ந. பிச்சமூர்த்தி, மௌனி முதலியோருடன் புதுமைப்பித்தனும் அதன் தூண்களுள் ஒருவராக விளங்கினார்.

இலட்சியம் பெரிதாயினும் வருவாய் சிறிது. அதனால் 'ஊழியன்' இதழில் சில காலம் பணியாற்றினார். பின்னர்த் 'தினமணி' நாளிதழில் உதவியாசிரியராகச் சேர்ந்தார். பகலெல்லாம் பிறர் எழுதிய செய்திகளை மொழிபெயர்த்துத் திருத்துவது, கிடைத்த நேரத்தில் தம் கதைகளை எழுதுவது என்று ஆண்டுகள் கழிந்தன. 1940-இல் 'புதுமைப்பித்தன் கதைகள்' என்னும் தொகுதி வெளிவந்தது. கதைகளோடு கவிதை, கட்டுரை, மதிப்புரை, மொழிபெயர்ப்பு என எழுத்தின் எல்லாத் துறையிலும் கை வைத்தார். உலகத்துச் சிறுகதைகள் பலவற்றைத் தமிழாக்கினார். மொத்தம் பதினைந்து ஆண்டுகளுக்குட்பட்ட எழுத்து வாழ்க்கையில் அவர் நமக்கு விட்டுச் சென்ற சொந்தச் சிறுகதைகள் ஏறத்தாழ நூறு.

கதைமாந்தர்

அந்த நூறு கதைகளில் வருவோர் யார்? கடவுளர் வருகின்றனர், முனிவர் வருகின்றனர், பேயும் வருகிறது. ஆயினும் நம் நெஞ்சை விட்டு அகலாதவர்கள் நகரத்தின் சந்துகளிலும் சாலையோரங்களிலும் வாழ்ந்து மறையும் எளிய மனிதர்களே.

1934-இல் வந்த 'பொன்னகரம்' அச்சில் சில பக்கங்களே கொண்ட கதை. அம்மாளு ஆலையில் வேலை செய்பவள். கணவன் முருகேசன் குதிரைவண்டி ஓட்டுபவன். வண்டி கவிழ்ந்து காயம்பட்டுப் படுக்கையில் கிடக்கிறான். அவன் பால்கஞ்சி கேட்கிறான், கையில் காசில்லை, கூலி கிடைக்கும் நாளும் வரவில்லை. இரவில் தண்ணீர் எடுக்கச் சென்றவள் சந்தின் இருளில் ஒருவனோடு மறைந்து, முக்கால் ரூபாயோடு திரும்புகிறாள். கதை அவ்வளவே. அம்மாளுவை ஆசிரியர் பழிக்கவில்லை. அவளுக்காகக் கண்ணீர் விடுமாறு நம்மை இரக்கவும் இல்லை. கற்பைப் பற்றி மேடைதோறும் முழங்கும் சமுதாயத்தின் பக்கம் திரும்பி, இதுதான் உங்கள் பொன்னகரம் என்று சுட்டிக்காட்டிவிட்டு நகர்ந்து விடுகிறார். வயிறு நிறைந்தவர்கள் வகுத்த அளவுகோலைக் கொண்டு வயிறு காய்ந்தவளை அளக்கலாமா என்பது கேள்வி. விடை சொல்ல வேண்டியவர் படிப்பவர்.

'மகாமசானம்' கதையில் சென்னையின் பரபரப்பான சாலையோரத்தில் ஒரு பிச்சைக்காரர் இறந்து கொண்டிருக்கிறார். வண்டிகள் ஓடுகின்றன, மக்கள் தத்தம் வேலையாக விரைகின்றனர், பெருநகரமே ஒரு சுடுகாடாகத் தோற்றம் தருகிறது. நின்று பார்ப்பது ஒரு சிறு குழந்தை. 'மனித யந்திரம்' கதையில், ஒரே கடையில் ஆயுளைத் தேய்த்த கணக்குப்பிள்ளை ஒருவர், ஒருநாள் இரவு கல்லாப் பணத்தோடு ஓடிவிட எண்ணுகிறார். இரயில் நிலையம் வரை சென்றும் துணிவு வராமல் திரும்பி வந்துவிடுகிறார். 'செல்லம்மாள்' கதையில், ஊரைவிட்டுச் சென்னைக்கு வந்து ஜவுளிக்கடையில் உழைக்கும் பிரமநாயகம் பிள்ளை, நோயாளி மனைவியைப் பேணிப் பேணி, இறுதியில் அவள் உடலருகே தனித்து அமர்ந்திருக்கிறார். இவர்களில் எவரும் புரட்சி செய்யவில்லை. எவரும் வீர உரை ஆற்றவில்லை. இருக்கிறார்கள், உழைக்கிறார்கள், தேய்கிறார்கள். இவ்வாறு தேய்வோர்க்கும் கதையாகும் தகுதி உண்டு என்பதே அன்று ஒரு புதுமை.

துன்பக்கேணி

இனி மருதியின் கதைக்கு வருவோம். இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த முறைக்குக் கங்காணி முறை என்று பெயர். கங்காணி என்பவன் ஊருக்கு வருவான். வறட்சியிலும் கடனிலும் வாடும் குடும்பங்களுக்கு முன்பணம் கொடுப்பான். அந்த முன்பணமும் வழிச் செலவும் கூலியாளின் பெயரில் கடனாக ஏறும். கடல் கடந்து தோட்டத்தை அடையும்போதே அவர் கடனாளி. உழைத்து அடைப்பதற்குள் புதிய கடன் சேரும். இவ்வாறு தென்மாவட்டங்களிலிருந்து இலட்சக்கணக்கானோர் சென்றனர்.

வாசவன்பட்டியைச் சேர்ந்த மருதியும் அவ்வழியே போகிறாள். ஊரில் பண்ணையாரின் அதிகாரத்துக்குத் தப்பி வந்தவளைத் தோட்டத்தின் அதிகாரம் பிடித்துக் கொள்கிறது. அது அவள் உழைப்போடு நிற்காமல் உடலையும் கேட்கிறது. பிறகு நோயைக் கொடுத்துக் கழித்து விடுகிறது. ஊர் திரும்பினாலும் அவளுக்கு இடமில்லை. அவளுடைய மகளின் வாழ்வையும் அதே நிழல் தொடர்கிறது. கேணி என்று பெயரிட்டது எத்துணைப் பொருத்தம்! ஆறு என்றால் கரையேறலாம். விழுந்தவர் தாமே ஏற இயலாதது கேணி.

இக்கதைக்கு வரலாறு எழுதிய தொடர்ச்சி இதனினும் கொடிது. புதுமைப்பித்தன் மறைந்த அதே 1948-ஆம் ஆண்டில் இலங்கை நிறைவேற்றிய குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர் ஆயினர். 1964-இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னர் முடிவு செய்ய ஒதுக்கி வைக்கப்பட்டது. கொழுந்து பறித்த கைகளைக் கேளாமலேயே இரு நாடுகளும் அவர்களைப் பங்கிட்டுக் கொண்டன. மருதியின் பேரப்பிள்ளைகள் என்று சொல்லத்தக்கவர்கள் அவர்கள்.

தாமே ஓரத்துக்கு வந்தார்

எளியோரை எழுதியவரின் வாழ்வும் எளியோர் வாழ்வாகவே முடிந்தது. 1943-இல் தினமணி நிர்வாகத்தோடு ஏற்பட்ட கருத்து வேற்றுமையால் ஆசிரியர் சொக்கலிங்கம் விலகியபோது, அவரோடு விலகியவர்களுள் புதுமைப்பித்தனும் ஒருவர். மாதச் சம்பளத்தை விட்டார், நட்பை விடவில்லை. 1944-இல் சொக்கலிங்கம் தொடங்கிய 'தினசரி'யில் சேர்ந்தார். அங்கும் நெடுநாள் நிலைக்கவில்லை.

அதன்பின் திரைப்படத் துறை அவரை ஈர்த்தது. 'அவ்வையார்' படத்துக்கான எழுத்துப் பணியிலும் 'காமவல்லி' படத்திலும் பங்குகொண்டார். சிறுவயதில் இழந்த தாயின் நினைவு தோன்றப் பர்வதகுமாரி புரொடக்ஷன்ஸ் என்று பெயரிட்டுத் தாமே படம் எடுக்கவும் முனைந்தார். முயற்சி கைகூடவில்லை, கைப்பொருள்தான் கரைந்தது. பிறகு எம்.கே. தியாகராஜ பாகவதரின் 'ராஜமுக்தி' படத்துக்கு வசனம் எழுதப் புனே நகருக்குச் சென்றார். அங்கே காசநோய் அவரை வீழ்த்தியது.

காசநோய்க்கு மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1944-இல்தான் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அந்நாளில் அது விலையுயர்ந்த அரிய மருந்து. தமிழ் எழுத்தாளன் கைக்கு எட்டும் பொருளன்று. 1948 மே மாதம் மெலிந்த உடலோடு மனைவியின் ஊரான திருவனந்தபுரத்துக்குத் திரும்பினார். அவ்வாண்டு ஜூன் 30-ஆம் நாள் அங்கேயே உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 42. மனைவியும், தந்தையின் முகத்தை நினைவில் வைத்திருக்கும் வயதுகூட எய்தாத மகளும் எஞ்சினர். 'ஒரு நாள் கழிந்தது' என்னும் கதையில், அன்றைய பொழுதைக் கடனும் சமாளிப்புமாகத் தள்ளும் முருகதாசர் என்ற எழுத்தாளரை அவர் 1937-லேயே படைத்திருந்தார். பதினொரு ஆண்டுகள் கழித்து அக்கதையின் வறுமை அவர் வீட்டிலேயே இறுதிவரை குடியிருந்தது.

இறந்தபின் புகழ் வந்தது. நண்பர் தொ.மு.சி. ரகுநாதன் 1951-இல் அவர் வரலாற்றை நூலாக எழுதினார். கமலா அம்மையாருக்கு அவர் எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் நூலாயின. 2000-இல் ஆ. இரா. வேங்கடாசலபதியின் பதிப்பில் அவருடைய கதைகள் முழுமையாகத் திரட்டப்பட்டன. 2002-இல் தமிழக அரசு அவர் எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கியது.

ஒரு விவாதம்

புகழ்ந்து முடித்துவிட்டால் கட்டுரை எளிதாக இருக்கும். ஆனால் அவரே அதனை விரும்பமாட்டார். 2014-ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திலிருந்து 'துன்பக்கேணி' நீக்கப்பட்டது. அக்கதையில் ஒடுக்கப்பட்ட மக்களைக் குறித்த சொற்களும் அவர்களைக் காட்டிய விதமும் புண்படுத்துகின்றன என்பது எதிர்ப்பாளர் கருத்து. கொடுமையை அம்பலப்படுத்தும் கதையையே கொடுமை என்று தள்ளுவதா என்பது மற்றவர் கருத்து.

இவ்விவாதத்தை நாம் ஒதுக்கித் தள்ளிவிட இயலாது. புதுமைப்பித்தன் நெல்லைச் சைவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். கற்றவர். வறுமை அவரை வாட்டியது உண்மை. ஆனால் சாதி இழிவு அவரைத் தீண்டியதில்லை. வறுமையில் இருப்பது ஒன்று. பிறப்பினாலேயே ஊருக்கு வெளியே நிறுத்தப்படுவது முற்றிலும் வேறொன்று. மருதியின் பசியை அவரால் உணர முடிந்தது. மருதியின் சேரிக்குள் அவர் விருந்தினரே. ஆகவே சில இடங்களில் அவருடைய புகழ்பெற்ற எள்ளல் நடை, எள்ளத்தகாதவர் மீதும் பட்டுவிடுகிறது. இதைக் குறை என்று சொல்ல நாம் அஞ்ச வேண்டுவதில்லை.

ஆனால் குறை கண்டவுடன் ஏட்டைக் கிழித்து எறிவதும் முறையன்று. எவரும் பார்க்காத இடத்தை ஒருவர் சுட்டிக்காட்டினார். அவர் நின்ற இடத்திலிருந்து தெரிந்ததை எழுதினார். தெரியாமல் போனதை எழுத வேறு கைகள் பின்னே வந்தன. மதுரையில் வாழ்ந்து 1981-இல் மறைந்த ஜி. நாகராஜன், நகரம் மறைத்துவைக்கும் தெருக்களின் மனிதர்களை எழுதினார். பூமணியின் 'பிறகு' 1979-இல் வந்தது. பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்தது. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994-இல் வந்தது. பிறரால் எழுதப்பட்ட மக்கள் தம் கதையைத் தாமே எழுதத் தொடங்கினர். புதுமைப்பித்தனுக்குச் செய்யத்தக்க சிறந்த திருத்தம் இதுவே. அவரை நீக்குவதன்று, அவர் நிறுத்திய இடத்திலிருந்து மேலே நடப்பது.

நமக்குரிய பணி

நண்பர்களே, நம் வகுப்பில் பலர் தம் குடும்பத்தில் கல்லூரி வாயிலைக் கண்ட முதல் தலைமுறையினர். நம்முள் சிலருடைய தாய்மார் இன்று காலையும் ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறியிருப்பார்கள். சின்னமனூருக்கு மேலே மேகமலையில் தேயிலை பறித்தவர்களின் பேரப்பிள்ளைகளும் நம்மிடையே இருக்கக்கூடும். மலை வளைவில் ஜீப் திரும்பும்போது உள்ளே அமர்ந்திருப்பவர் என்ன நினைக்கிறார், ஈரத்தில் நாளெல்லாம் நின்று காய் எடுத்த விரல் இரவில் எப்படி வலிக்கும், கூலி நாளன்று கடைக்கணக்குப் போக எவ்வளவு மிஞ்சும் என்பதெல்லாம் புதுமைப்பித்தனுக்குத் தெரிய வழியில்லை. நமக்குத் தெரியும். கேட்டால் சொல்ல ஆளும் வீட்டிலேயே இருக்கிறார்.

அவரிடம் நாம் கற்க வேண்டியவை இரண்டு. எளியவரை எழுதும்போது அவருக்காக இரந்து நிற்காதே என்பது ஒன்று. படிப்பவரின் மனச்சாட்சி நழுவிச் செல்ல வழிவிடாதே என்பது மற்றொன்று. அவரிடம் இல்லாத மூன்றாவது ஒன்று நம்மிடம் இருக்கிறது. அது உள்ளிருந்து பார்க்கும் கண்.

அடுத்த ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுத எண்ணும் நண்பர்கள், நூலகத்துக்குப் போகுமுன் ஒரு மாலைப்பொழுது தம் வீட்டு முதியவர் ஒருவரிடம் அமர்ந்து, அவர் தோட்டத்துக்குப் போன நாட்களைப் பற்றிக் கேட்டு எழுதிக் கொள்ளட்டும். மருதி கடல் கடந்து போனாள். நம் மருதிகள் மலையேறிப் போனார்கள். அவர்களுடைய கதை இன்னும் எழுதி முடியவில்லை.